நாலாவது மாதிரி

அந்தத் தெருவில் ஒரு பட்டறையில் புதுசாக ஏதாவது செய்தால், சூடு ஆறுவதற்குள் அது எதிர்ப் பட்டறைக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். டீ குடிக்க வந்தவர் கண்ணை மேயவிட்டிருப்பார். கழிவு அள்ள வந்தவர் ஒரு துண்டைச் சட்டைப்பையில் போட்டிருப்பார். மறுவாரம் அதே சாமான் நாலு வாசலில் தொங்கும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பதுதான் தெருவின் கட்சி.

தெரு முழுக்கச் சக்கரம் செய்கிறவர்கள். வண்டிச் சக்கரம் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்காலிக்கு அடியில், சாமான் தள்ளும் வண்டிக்கு அடியில், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் உருளுமே, மக்கர் செய்தால் ஒழிய யாரும் குனிந்து பார்க்காத சின்னச் சக்கரம், அதுதான். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள், ஒருவரை ஒருவர் நம்பாமலேயே செய்கிறார்கள்.

நம்பாததற்கு ஒரு முறையே வைத்திருந்தார்கள். புதுச் சாமானில், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைச் சேர்த்துவிடுவது. வேண்டாத இடத்தில் ஒரு ஓட்டை, காரணமில்லாத ஒரு வளைவு. காப்பியடிக்கிறவன் அதையும் சேர்த்து அடித்தால் கையும் களவுமாக மாட்டிக்கொள்வான். இதற்குத் தெருவில் கள்ளம் என்று பேர். நாளாக ஆக எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். எந்த மாதிரி கைக்கு வந்தாலும் முதல் காரியம், கள்ளம் எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பது. இந்தத் தெருவின் மூளையில் முக்கால்வாசி கள்ளம் வைப்பதிலும் கள்ளத்தைக் கண்டுபிடிப்பதிலும்தான் கரைந்துபோயிற்று. மிச்சம் இருந்த கால்வாசியில் சக்கரம் செய்தார்கள்.

இவர்கள் இப்படி ஒருவர் பாக்கெட்டை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடல் தாண்டிச் சக்கரம் வந்து இறங்கியது, கப்பல் கப்பலாக. விலையும் மலிவு, சத்தமும் இல்லை. ஒவ்வொரு பட்டறையாக ராத்திரி வேலையை நிறுத்தியது. அப்புறம் சனிக்கிழமை வேலையை நிறுத்தியது. அரசாங்கத்துக்கு அப்போதுதான் முழிப்பு வந்து, தெருக்கோடியில் ஒரு புதுமை மையத்தைத் திறந்துவைத்தார்கள். நம் வட்டாரம் உலகச் சந்தையில் தலைநிமிர வேண்டும் என்று மைக்கில் பேசினார்கள், கைதட்டினோம், போனார்கள். உள்ளே சக்கரத்தைச் சோதிக்கிற மெஷின் ஒன்று, கடைசல் பிடிக்கிற முதல்தரமான லேத் ஒன்று, இரண்டின் மேலும் நீலத் துணி. அந்தத் துணியை எடுக்க ஒருத்தர்கூட வரவில்லை. ஏன் வருவார்கள்? பொது இடத்தில் தன் சக்கரத்தைச் சோதிப்பதும் நடுத்தெருவில் நின்று குளிப்பதும் அவர்களுக்கு ஒன்றுதான்.

மையத்துக்குப் பொறுப்பாக வந்த இளம் பொறியாளருக்குத் தெரு வைத்த பேர் புதுமை மேடம். தினமும் வருவார், துணியை எடுத்து மெஷினைத் துடைப்பார், மறுபடி மூடுவார். இப்படியே போனால் மையத்தை இழுத்துச் சாத்திவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும்.

முதலில் அந்தப் படி ஏறியவள் அக்காதான். தெருவின் நடுவில் இருக்கும் பட்டறை அவளுடையது, அப்பா போட்டது. லேத்தில் நின்றால் கைகளுக்குக் கண் முளைத்துவிடும். தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும், அவளைவிட மூத்தவர்கள்கூட. உண்மையிலேயே அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவன் ஒருவன் இருந்தான், எதிர்ப் பட்டறைக்காரன், அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் மட்டும் கூப்பிட்டு வருஷக்கணக்கு ஆயிற்று.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். தம்பி முன்பு அக்கா பட்டறையில்தான் இருந்தான். காலால் ஒரு மிதி மிதித்தால் பிடித்துக்கொள்ளும், இன்னொரு மிதியில் விட்டுவிடும் ஒரு பிரேக்கை அப்போது அக்கா செய்தாள். செய்துமுடித்த கையோடு, தனியாகத் தொழில் பண்ணப்போகிறேன் என்று இவன் கிளம்பினான். வார்த்தை தடித்தது. எதிரே கடை போட்டு அவன் முதன்முதலாகத் தொங்கவிட்ட சாமான் அதே பிரேக். அதில் அக்கா வைத்த கள்ளம்கூட அப்படியே இருந்தது, நெம்புகோலின் முனையில் எதற்கும் உதவாத ஒரு பொடி ஓட்டை. திருட்டைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாதவன் என்று தெரு சிரித்தது. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னுடைய அந்த ஓட்டை எதிர் வாசலில் தொங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டே பட்டறை திறக்க வேண்டியிருந்தது அவளுக்கு.

இப்போது புதுச் சக்கரத்துக்கு வருவோம். அக்காவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கட்டில் சக்கரத்தில் முடியும் நூலும் சுற்றிக்கொண்டு, தள்ளினால் கிறீச்சிடும், ஒரு பக்கமாக இழுக்கும். டியூட்டியில் பாதி நேரம் கட்டிலுக்கு அடியில் படுத்துக் கத்தரிக்கோலால் முடியை வெட்டிக்கொண்டிருக்கிறேன், நான் பார்க்கிறது நர்ஸ் வேலையா சலூன் வேலையா என்று வீட்டில் வந்து புலம்புவார். அவர் புலம்பலை அக்கா காது கொடுத்துக் கேட்டாள். எத்தனையோ முறை செய்து, எறிந்து, கடைசியில் ஒன்று பிடிபட்டது. சக்கரத்தின் இரண்டு பக்கமும் சின்ன நைலான் கிண்ணம். அதன் விளிம்பு வெளிப்பக்கம் சரிந்திருக்கும். முடி வந்து சுற்றினால் அந்தச் சரிவில் வழுக்கி வெளியே விழும், அச்சுக்குள் போகாது. கிண்ணத்துக்கும் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கவைக்கும் நடுவே தாராளமாக ஓர் இடைவெளி, கனம் ஏறினால் கவை வளையும் என்பதற்காக. ஓரத்தில் ஒரு பொடி ஓட்டை, கட்டிலைக் கழுவினால் தண்ணீர் வடிவதற்காக.

அதை ஒரு மத்தியானம், மையத்தின் ஜன்னல்களை எல்லாம் சாத்தச் சொல்லிவிட்டு, மெஷினில் ஓடவிட்டுப் பார்த்தாள். மேடம் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உலகம் பூராவும் ஆஸ்பத்திரிக் கட்டில் விற்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு அவரே தகவல் அனுப்பினார்.

கம்பெனிக்காரர்கள் சொன்ன பதிலில்தான் வந்தது சிக்கல். சக்கரம் பிடித்திருக்கிறது, ஆனால் எங்களுக்கு வேண்டிய அளவு ஒரு பட்டறையால் செய்து மாளாது. நாலு பட்டறையாவது சேர்ந்து ஒரே சக்கரத்தைச் செய்ய வேண்டும். எந்தப் பட்டறைச் சக்கரமும் எந்தக் கட்டிலுக்கும் போக வேண்டும். எங்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார், சரியாக இருந்தால் வருஷக்கணக்குக்கு வேலை தருகிறோம், இல்லாவிட்டால் கடல் தாண்டி இருக்கிறவர்களிடமே வாங்கிக்கொள்கிறோம்.

அக்காவின் பட்டறையில் பாதி விளக்கு எரியவில்லை. இந்த வேலை வராவிட்டால் மிச்ச விளக்கையும் அணைக்க வேண்டியதுதான். லேத்தில் அவளோடு கூட நின்ற இரண்டு பெண்களை நிறுத்த வேண்டும் என்பதை நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மற்ற மூன்று பட்டறைகளை மேடம் பேசிப் பிடித்தார். ஒருவர் ஜோசியர். ஜோசியம் பார்க்கிறவர் இல்லை. தொழில் அடுத்த மாசம் படுத்துவிடும் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவர், அதனால் அந்தப் பேர். அடுத்து இரட்டையர். பேர்தான் அப்படி, ஆள் என்னவோ மாமனாரும் மருமகனும். எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டே போவார்கள், ஒருவர் ஆரம்பிக்கிற பேச்சை மற்றவர் முடிப்பார். மூன்றாவது, தம்பி. இந்த அளவு நுணுக்கமாகக் கடைசல் பிடிக்க அந்தத் தெருவில் அவனை விட்டால் ஆள் இல்லை. அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் எதிர்த்துப் பேசவில்லை.

மேடம் நாலு பட்டறைக்காரர்களையும் உட்காரவைத்துச் சத்தியம் வாங்கினார். மாதிரியில் கள்ளம் வைக்க மாட்டேன் என்று அக்கா சொன்னாள். மாதிரியில் ஒரு மயிரிழைகூட மாற்ற மாட்டோம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எல்லோரும் தலையைத் தலையை ஆட்டினார்கள். மேடம் வெளியூர்க்காரர், தலையாட்டினால் சம்மதம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அக்கா லேத்தில் நின்று மாதிரிகளைக் கடைந்தாள். தனக்கு ஒன்று, மற்றவர்களுக்கு மூன்று. இரட்டையருக்கு உள்ளதை முடித்தாள், சுத்தம், கள்ளம் இல்லை. ஜோசியருக்கு உள்ளதை முடித்தாள், அதுவும் சுத்தம். நாலாவது மாதிரிக்கு நைலான் துண்டை மாட்டியபோது நிமிர்ந்தாள். வாசலுக்கு நேரே எதிர்ப் பட்டறை தெரிந்தது, அங்கே தொங்கிய பிரேக் தெரிந்தது. அவ்வளவுதான், கை வேறு ஆளுடைய கையாகிவிட்டது. விளிம்பை வெளிப்பக்கம் சரிக்க வேண்டியதை உள்பக்கமாகச் சரித்துவிட்டாள். ரொம்ப லேசாகத்தான். பார்த்த மாத்திரத்தில் தெரியாது, கட்டைவிரலால் தடவினால் தெரியும்.

செய்து முடித்ததும் மனசு ஒருமுறை குத்தியது. அதற்கும் சமாதானம் ரெடியாக இருந்தது. முன்னாடியே எவனுக்காவது விற்றுவிட்டான் என்றால் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மற்றபடி இவன் என்ன பால் குடிக்கிற பிள்ளையா, கள்ளம் எங்கே என்று தேடாமல் இருப்பானா, பார்த்ததும் திருத்திக்கொள்வான். வாய்விட்டு இப்படி ஒருமுறை சொல்லிக்கொண்டாள். தம்பி பெண்டாட்டி வந்து மாதிரியை வாங்கிக்கொண்டு போனாள். நாத்தனாரின் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை, துணியால் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டில் கம்பெனிக்காரர் சொன்ன நாளில் வந்தார். நெடுநெடுவென்று உயரம், அதிகம் பேசாத ஆள். அவர் பேசியதை மேடம் நமக்குச் சொன்னார், நாம் பேசியதை அவருக்குச் சொன்னார். கட்டில் ஒன்றை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். நாலு காலில் நாலு பட்டறையின் சக்கரத்தை மாட்டினார்கள். கட்டில்மேல் மணல் மூட்டைகளைப் படுக்கவைத்தார்கள், பருத்த நோயாளி ஒருவர் போர்த்திக்கொண்டு தூங்குகிற மாதிரியே இருந்தது. மேடம் சலூனிலிருந்து ஒரு பை முடியும் தையல் கடையிலிருந்து ஒரு பை நூலும் வாங்கிவந்து தரையில் இறைத்தார். இதை எதற்கு அம்மா கேட்கிறாய் என்று சலூன்காரர் துளைத்து எடுத்துவிட்டாராம். கடைசியில் வாளித் தண்ணீரைச் சக்கரங்களின்மேல் ஊற்றினார்கள்.

கம்பெனிக்காரரே தள்ளினார்.

இரண்டடி போகவில்லை, இரட்டையரின் சக்கரம் வீல் என்று கத்தியது. கட்டில் நேராகப் போகாமல் திரும்பியது. திரும்பிய கட்டிலை நேராக்க மேடம் ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்தார். அது அவரையும் இழுத்துக்கொண்டு ஜோசியரைப் பார்த்துப் போயிற்று. ஜோசியர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். கட்டிலைத் தூக்கிப் பார்த்தபோது ஜோசியருடைய சக்கரத்திலிருந்து தண்ணீர் குபுக்கென்று அவர் காலிலேயே கொட்டியது. தம்பியின் சக்கரத்தில் முடியும் நூலும் பந்து பந்தாகச் சுற்றி, அச்சே தெரியவில்லை. அக்காவுடைய சக்கரம் ஒன்றுதான் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

கம்பெனிக்காரர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். ஒரே மாதிரியிலிருந்து நாலு விதமான சக்கரம் எப்படி வந்தது என்று கேட்டார்.

இரட்டையரில் மாமனார் தொண்டையைக் கனைத்தார். இடைவெளி அவ்வளவு அதிகமாக விட்டிருந்தார்களே, அதுதான் கள்ளம் என்று நினைத்து... என்று ஆரம்பித்தார். குறைத்துவிட்டோம் என்று மருமகன் முடித்தார். ஜோசியர், முடி போகக்கூடாது என்பதற்கு மூடி போடுகிறோம், அந்த மூடியிலேயே ஒரு ஓட்டையா, இதைவிடப் பச்சையாக யாராவது கள்ளம் வைப்பார்களா, அடைத்துவிட்டேன் என்றார். கள்ளம் என்றால் என்ன என்று மேடம் கம்பெனிக்காரருக்கு விளக்க வேண்டியதாயிற்று. விளக்க விளக்க மேடத்தின் குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அந்தத் தெருவில் ஒருத்தி ஒழுங்கான மாதிரி கொடுத்திருந்தாள், அதை நம்ப ஒரு ஆள் இல்லை. இதற்கு அழுவதா சிரிப்பதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

தம்பி இதற்குள் கட்டிலுக்கு அடியில் குனிந்திருந்தான். அக்காவின் சக்கரத்து விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு தன்னுடைய சக்கரத்தைத் தடவினான். மறுபடியும் அக்காவுடையதைத் தடவினான். அவன் விரல் நின்ற இடத்தை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். இவன் திருத்தவில்லை. தான் கொடுத்ததை அப்படியே, ஒரு மயிரிழை பிசகாமல் செய்திருக்கிறான். இந்தத் தெருவில் சத்தியத்தைக் காப்பாற்றியவன் இவன் ஒருவன்தான்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மேடம் தம்பியைக் கேட்டார். தம்பி எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். அக்காவைப் பார்க்கவில்லை.

"நானும்தான் மேடம். விளிம்புல கொஞ்சம் கை வெச்சுட்டேன். என் தப்புதான்."

கம்பெனிக்காரர் மேடத்திடம் தணிந்த குரலில் பேசினார். மாதிரி கொடுத்தவர் மேல் குறை இல்லை, அவருடைய சக்கரம் நன்றாக இருக்கிறது. மற்றவர்கள் சொன்னபடி செய்ய மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. பெரிய வேலையை வேறு இடத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். இந்த அம்மாவின் பட்டறையால் முடிந்த அளவுக்கு ஒரு சின்ன வேலை வேண்டுமானால் தரலாம்.

அதாவது அக்கா தப்பித்துவிட்டாள். பேரும் கெடவில்லை, பட்டறையில் விளக்கும் எரியும், அந்த இரண்டு பெண்களையும் நிறுத்த வேண்டாம். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும். பேசினாலோ, மாதிரியிலேயே பொய் வைத்தவள் என்று ஆகும், அந்தச் சின்ன வேலையும் போய்விடும். இதெல்லாம் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. தம்பி மூலையில் கிடந்த வாளியை எடுத்து, தரையில் கிடந்த தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தான், யாரோ அவனை அந்த வேலைக்குத்தான் கூப்பிட்டிருந்த மாதிரி. அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"அவன் எதையும் மாத்தலை," என்றாள் அக்கா.

மேடம் திரும்பினார்.

"அவன் பொய் சொல்றான் மேடம். விளிம்பை உள்பக்கமா சரிச்சது நான். அவனுக்குக் கொடுத்ததுல மட்டும் கள்ளம் வெச்சேன். உங்களுக்குச் சத்தியம் பண்ணிட்டு வெச்சேன். இதை அவர்கிட்ட அப்படியே சொல்லுங்க, ஒண்ணும் குறைக்காதீங்க."

மேடம் சொன்னார். குறைக்காமல்தான் சொன்னார் என்பது கம்பெனிக்காரர் முகத்திலேயே தெரிந்தது. இரட்டையர் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார்கள். ஜோசியர் நல்லவேளையாக எதிர்காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா தம்பியிடம் போனாள். வருஷக்கணக்காக அவனோடு பேசாத நாக்கு. வார்த்தை கோபமாகத்தான் வந்தது.

"தடவிப் பார்த்தா தெரியுமேடா. உனக்குத் தெரியாதா? ஏன்டா திருத்தலை?"

"தெரிஞ்சுது," என்றான் தம்பி. "தப்பா இருக்கேன்னு தோணுச்சு. நீ போட்டதாச்சே, எனக்குப் புரியாத காரணம் ஏதாவது இருக்கும்னு விட்டுட்டேன்."

துணியைப் பிழிந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

"அந்த பிரேக்லயும் அப்படித்தான்க்கா. ஓட்டையை அடைக்கத் தெரியாமலா இருந்தேன்? அடைச்சிருந்தா அது யாருதுன்னே தெரியாமப் போயிருக்கும். எடுத்தது தப்புதான். ஆனா உன்னுதுன்னு தெரியட்டும்னுதான் விட்டேன்."

அக்கா அங்கேயே, ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் தினமும் காலையில் அந்த ஓட்டையைப் பார்த்து வயிறு எரிந்தவள். அதில் தன் பேர் எழுதியிருந்தது அவள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அழுதாள். பட்டறைக்காரி, நாலு பேர் முன்னால் அழுது யாரும் பார்த்ததில்லை, அதனால் யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஜோசியர் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.

கம்பெனிக்காரர் மேடத்திடம் இவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். மேடம் அதையும் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டு, கட்டிலின் கம்பியில் சாய்ந்தபடி நின்றார். பிறகு சொன்னார், மேடம் வரிக்கு வரி நமக்குச் சொன்னார். நாளைக்குக் காலையில் ஊருக்குக் கிளம்புகிறேன். போகிற வழியில் மறுபடி வருவேன். இதே கட்டில், நாலு பட்டறையின் சக்கரம். எது யாருடையது என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் நான் பேசாமல் போய்விடுவேன்.

அவர் போனதும் அக்கா எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தாள். கட்டிலிலிருந்து தன்னுடைய சக்கரத்தைக் கழற்றினாள். ஜெயித்த சக்கரம் அது ஒன்றுதான், அதைக் கொண்டுபோய் மையத்து லேத்தின்மேல் வைத்தாள். லேத்தின் நீலத் துணியை உருவி மேடத்தின் கையில் கொடுத்தாள்.

"எல்லாரும் இங்கேயே கடையலாம். நாலு பேரும் பார்க்க. இதை வெச்சு அளந்துக்குங்க."

ஜோசியருக்கு அது பெரிய சங்கடமாகிவிட்டது. தன் கைவேலையை நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் உளி நடுங்கும் என்றார். நடுங்கினால் நாங்கள் பிடித்துக்கொள்கிறோம் என்றார்கள் இரட்டையர், ஆளுக்குப் பாதியாக. ஆனால் அவர் உளியைப் பிடித்ததும் பேச்சு அடங்கிவிட்டது. அவர் நைலானை ஒரே வாக்கில் சீவாமல், நடுவில் கொஞ்சம் ஆறவிட்டுச் சீவினார், விளிம்பு கண்ணாடி மாதிரி வந்தது. இத்தனை நாள் உங்க சாமான் மட்டும் பளபளப்பா இருக்கிறது இதனாலதானா என்று மருமகன் கேட்டார். ஆமாம், யாருக்கும் சொல்லாதே என்று வாயில் வந்துவிட்டது ஜோசியருக்கு. சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். அக்காவும் அந்த வித்தையை வாங்கிக்கொண்டாள். தன்னுடைய கிண்ணத்தையே மறுபடி ஒன்று புதிதாகக் கடைந்தாள், ஆறவிட்டுச் சீவினாள், முதலில் செய்ததைவிட நன்றாக வந்தது. இனிமேல் இதுதான் மாதிரி என்று மேசைமேல் வைத்தாள்.

கடைசியாகத் தம்பி லேத்தில் நின்றான். அக்கா பக்கத்தில் நின்றாள், அப்பா போட்ட பட்டறையில் முன்பு அவனோடு நின்ற அதே பக்கம். அவன் மாதிரியைக் கையில் எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிக்கப் போனான்.

"அளந்து பாருடா," என்றாள் அக்கா.

"வேண்டாம். நீ செஞ்சதுதானே."

"நீ நம்பினதுக்கு நான் செஞ்சது போதும். அளந்து பாரு. தப்பு இருந்தா சொல்லு. இனிமே யார் கொடுத்தாலும் அளக்கணும், நான் கொடுத்தாலும்."

தம்பி அளவுகோலை எடுத்து அளந்தான். விளிம்பை, இடைவெளியை, ஓட்டையை, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னான். மேடம் அவன் சொன்னதைச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில், வாசலில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி பெரிசாக எழுதினார். எழுதும்போது தெருவில் இரண்டு பட்டறைக்காரர்கள் நின்று பார்த்தார்கள். அக்காவின் கை பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தப் போயிற்று. பாதி வழியில் இறக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கம்பெனிக்காரர் பெட்டியோடு வந்தார். மணல் மூட்டை ஏறியது, தண்ணீர் ஊற்றியாயிற்று, முடியும் நூலும் இறைத்தாயிற்று. அவர் ஒரு விரலால் தள்ளினார். கட்டில் சத்தமில்லாமல், நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் எதிர்ச் சுவரைத் தொட்டு நின்றது. திரும்பத் தள்ளினார், திரும்ப வந்தது. குனிந்து நாலு சக்கரத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், எது யாருடையது என்று தெரியவில்லை என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார், மேடத்துக்குக் கை கொடுத்தார். வேலை எவ்வளவு, எப்போது என்று இருவரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். தொழில் நல்லாத்தான் போகும் போலிருக்கிறது என்று ஜோசியர் சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்தா இது வந்தது என்று தானே மிரண்டுபோனார்.

எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றபோது அக்கா மட்டும் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். எத்தனை வருஷத்துப் பழக்கம். தன் சாமானை எங்கே பார்த்தாலும் இது என்னுடையது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறவள். ஒவ்வொரு சக்கரமாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து தடவிப் பார்த்தாள்.

தம்பி வந்து பக்கத்தில் குந்தினான்.

"இதுல உன்னுது எது, அக்கா?"

அக்கா நாலையும் இன்னொரு முறை பார்த்தாள்.

"தெரியலைடா," என்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.